எதிரணி கோலுக்கு அடித்த ஹார்ன்

எர்வின் நாஸ்கை எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும். அதனால் ‘அவர்’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் நான் மாற்றப் போவதில்லை.

எங்கள் ஊர் தாரிபூலுக்கு வடக்கே பதினோரு மைல் தள்ளி அவன் நிலம். கோதுமை, கொஞ்சம் ஆடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை அம்மா, அதன் பிறகு நாய். திங்கள் முதல் வெள்ளி வரை அவன் பேசுகிற சொற்களை எண்ண இரண்டு கையின் விரல்கள் போதும், அதிலும் பாதி அந்த நாயின் பெயர். சனிக்கிழமை மதியம்தான் அவன் மனிதர்களைப் பார்ப்பான். எங்கள் ஃபுட்பால் மைதானத்தில், தெற்குக் கோல் கம்பங்களிலிருந்து வேலியோரமாக மூன்றாவது இடம் அவனுடையது. எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் அவன் அப்பா காலத்திலிருந்து நாஸ்க் வண்டி நிற்கும் இடத்தில் வேறு யாரும் வண்டியைக் கொண்டுவந்து சொருகியதில்லை. வண்டியின் மூக்கை மைதானத்தைப் பார்த்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பிளாஸ்கின் மூடியைத் திருகினான் என்றால் ஐந்து நாள் பூட்டிக் கிடந்த வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும்.

வேலியோரம் எல்லோரும் கத்துவார்கள்தான். ஃபுட்பாலுக்குப் போவதே அதற்குத்தான், அதுவும் பந்தைக் கையால் பிடித்துக் காலால் உதைக்கிற எங்கள் ஊர் ஃபுட்பாலுக்கு. எங்கள் ஆள் கோல் போட்டால் அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்கும், அது போதாதென்று முன்விளக்கையும் அடித்துக் காட்டுவார்கள். எர்வினின் பழைய வண்டி ஹார்ன், குட்டியைத் தேடுகிற ஆடு மாதிரி இழுத்து இழுத்துக் கத்தும். நூறு வண்டிக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும். ஆனால் மற்றவர்கள் கத்திவிட்டு மறந்துவிடுவார்கள். எர்வின் மறக்க மாட்டான். அவனுக்குக் கருத்து உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரனைப் பற்றியும், ஒவ்வொரு உதையைப் பற்றியும், நடுவரின் கண்ணைப் பற்றியும், காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பியது என்பது பற்றியும்.

அந்த மைதானத்து கேன்டீனில் முப்பத்தொரு வருடம் நின்றவள் நான். எனக்கு எழுதப் படிக்க வராது. விலைப் பலகையை யாராவது எழுதித் தொங்கவிடுவார்கள், எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆட்டம் முடிந்து ஆண்கள் எல்லோரும் பியருக்குக் கிளப் கூடத்துக்குள் போன பிறகு எர்வின் என் ஜன்னலுக்கு வருவான். மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட மீட் பையில் மிச்சமிருக்கும் ஒன்றை வாங்கிக்கொண்டு, நான் தட்டுகளைக் கழுவி முடிக்கும்வரை நின்று பேசுவான்.

“நீயும் உள்ள போய் ஒண்ணு குடிச்சா என்ன?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க. எனக்கு முறை வர்றதுக்குள்ள அடுத்த ஆட்டமே வந்துடுது.”

நான் சொல்லப்போகிற வருடம் மாதிரி ஒரு வருடம் எந்த அணிக்கும் வரக் கூடாது. மூன்று வருடம் மழை சரியில்லை. இளவட்டம் பாதிப் பேர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு அணி. ஏப்ரலில் தொடங்கி ஜூன் நடுவுக்குள் எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி. ஒரு ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் எங்கள்மேல் இரக்கப்பட்டு, ஆட்டத்தின் நாலு பங்கில் கடைசியான கால் பகுதியில் தங்கள் ஆட்கள் இரண்டு பேரைக் குறைத்துக்கொண்டு ஆடினார்கள். தோற்றதைவிட அதுதான் வலித்தது.

“பெரில், நம்ம பசங்க காத்துக்கு எதிரா பந்தை உயர உதைக்கிறாங்க,” என்பான் எர்வின், ஜன்னல் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. “மேல போய் அது என்ன பண்ணும்? கொஞ்சம் யோசிக்கும். யோசிச்சுட்டுத் திரும்பி வந்துடும்.”

“சாஸ் வேணுமா?”

“ஊத்து. அந்தப் பெரிய வார்னர் பையன் இருக்கானே, ஆறரை அடி. ரெண்டு கையையும் தூக்கினா மேகத்தையே பிடிக்கலாம். பிடிக்கிறானா? அந்தப் பையன் கையில தபாலைக் கூடக் குடுக்க முடியாது, கீழ போட்டுருவான்.”

“அவன் அம்மா இப்பதான் இங்க நின்னுட்டுப் போனா.”

“கேட்டிருக்கட்டும். வீட்ல போய் நாலு தட்டை அவன்கிட்ட எறிஞ்சு பழக்கட்டும்.”

“கோச் என்ன பண்ணணும்ங்கிற?”

“கோச் மூணு பேரை இடம் மாத்தணும், ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பணும், அப்புறம் அவனும் போகணும்.”

இப்படித்தான். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆனால் அவன் சொல்வதில் பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அதுதான் எல்லோருக்கும் பிடிக்காது. தவறாகப் பேசுகிறவனை மன்னித்துவிடலாம்.

அந்த அணியில் உருப்படியாகக் கோல் போடத் தெரிந்தவன் ஒருவன்தான், ராய்ஸ் ஹாலம். இருபத்தேழு வயது, தானியக் கிடங்கில் வேலை, இடது கால்காரன். எர்வின் அவனைத்தான் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு திட்டுவான். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். மரத்தடியில் நிற்கிற கழுதையை யாரும் ஓடு ஓடு என்று விரட்டுவதில்லை, ஓடக்கூடியதைத்தான் விரட்டுவார்கள். ஆனால் ராய்ஸிடம் அதை யார் சொன்னது? எர்வின் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஒன்பதாவது ஆட்டம். எங்கள் மைதானம், சேறு, ஊசி மாதிரி மழை. ராய்ஸுக்கு நேருக்கு நேராக, முப்பது கஜத்தில் ஒரு உதை. கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது. அவன் உதைத்தான், பந்து நடுக் கம்பங்களையும் தாண்டி, ஓரக் கம்பத்தையும் தாண்டி வெளியே போனது. நடுக் கம்பங்களுக்குள் போனால் கோல், ஆறு புள்ளி; ஓரக் கம்பத்துக்குள் போனால் ஒன்று; இவனுக்கு அந்த ஒன்றுகூட இல்லை. அடுத்த நிமிடம் அதே இடத்திலிருந்து இன்னொன்று. அதுவும் வெளியே. அந்த நேரம் பார்த்துக் காற்று சட்டென்று விழுந்தது. மைதானமே வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எர்வினின் குரல் மட்டும் வந்தது.

“ராய்ஸ், நீ வீட்டுக்குப் போய்ப் பிள்ளையத் தூங்க வை. அதுவாவது உன்னால முடியுதான்னு பாப்போம்.”

யாரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் நின்று வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஓடினான்.

அவனுடைய குழந்தைக்கு அப்போது மூன்று வாரம். மூச்சு விட முடியாமல் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ராய்ஸும் அவன் மனைவி டான்யாவும் அந்த வாரம் முழுவதும் நாற்காலியில்தான் தூங்கினார்கள். அணிக்கு வேண்டிய பதினெட்டுப் பேர் சேரவில்லை என்று கேப்டன் கெஞ்சியதால் மட்டும்தான் அவன் அன்றைக்கு வந்தான். ஊருக்கே தெரியும். கடையில் தெரியும், தேவாலயத்தில் தெரியும், பள்ளிக்கூடத்து வாசலில் தெரியும். எர்வினுக்குத் தெரியாது. அவனிடம் யார் போய்ச் சொல்வது? பதினோரு மைல் தள்ளி நாயோடு இருக்கிறவனிடம் செய்தி தானாக நடந்தா போகும்?

ஆட்டம் முடிந்து வழக்கம்போல ஜன்னலுக்கு வந்தான். நான்தான் சொன்னேன். மீட் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாஸ் அவன் மணிக்கட்டில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“எத்தனை நாளா?” என்றான்.

“செவ்வாய்க்கிழமையிலிருந்து.”

“எனக்குத் தெரியாது, பெரில்.”

“எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாதுன்னு.”

மறுநாள் ஞாயிறு. அவன் ஒரு ஆடு வெட்டி, பாதியை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு ராய்ஸ் வீட்டுக்குப் போயிருக்கிறான். டான்யா கதவைத் திறந்து, ராய்ஸ் இல்லை என்றாளாம். இவன், “குழந்தை எப்படி இருக்கு?” என்று கேட்டானாம். அவள், “அத நீங்க கேக்காதீங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் துணியோடு அதை அவன் முகத்தில் எறிந்திருப்பேன். அந்தப் பாதி ஆட்டைக் கடைசியில் என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, வண்டியை அணைக்காமலே போய்விட்டான்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அதற்கு ஒரு குழந்தை இருக்கிறது.

ஆனால் அணி பிழைக்கவில்லை. வேறு அணிக்கு மாற ஜூன் கடைசிவரை நேரம் உண்டு. ராய்ஸ் மெரிங்டனுக்குப் போனான். மெரிங்டன் எங்களுக்குப் பதினைந்து மைல் தள்ளியுள்ள பக்கத்து ஊர், நூறு வருடப் பகை. டான்யாவின் தம்பிகள் இரண்டு பேரும் அவனோடு போனார்கள். அத்தோடு எங்கள் அணியில் கைகால் சரியாக இருக்கிறவர்கள் பதினைந்து பேர். மிச்ச இடத்துக்கு நாற்பது வயதுத் தபால்காரரையும், முழங்கால் கட்டுப் போட்ட வார்னரின் மாமாவையும் இறக்கினார்கள். ஊர் முழுவதும் ஒரே பேச்சு. எர்வின் வாயால் போச்சு.

கிளப் தலைவர் டெஸ் போல்னர் நல்ல மனுஷன், எர்வினோடு ஒரே வகுப்பில் படித்தவன். என் ஜன்னலுக்கு முன்னால் வைத்துத்தான் அவனிடம் பேசினான். வேறு எங்கே அவனைப் பிடிப்பது?

“எர்வ், கமிட்டியில பேசினோம்.”

“பேசுவீங்க.”

“மைதானத்துக்கு வராதேன்னு சொல்லணும்னு நாலு பேர் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். ஆனா ஒண்ணு. வா, உக்காரு, பாரு. வாயத் திறக்காத. இன்னொரு வார்த்தை ஒரு ஆட்டக்காரனைப் பத்தி வந்துச்சுன்னா, உன் இடம் உனக்கு இல்ல. நானே வந்து உன்னை வெளிய அனுப்ப வேண்டியிருக்கும். என்னை அதைச் செய்ய வைக்காத.”

“ஹார்ன்?” என்று கேட்டான் எர்வின்.

“ஹார்ன் அடி. கோல் போட்டா எல்லாரும்தான் அடிக்கிறாங்க.”

“சரி.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த ஏழு வாரத்தில் எங்கள் மைதானத்தில் ஆட்டம் இருந்த சனிக்கிழமையெல்லாம் வந்தான், அதே மூன்றாவது இடம். கண்ணாடியை மேலே ஏற்றிவிடுவான். உள்ளே அவன் மூச்சும் நாயின் மூச்சும் சேர்ந்து கண்ணாடியில் படிந்து வெள்ளையாகிவிடும். சட்டைக் கையால் வட்டமாக ஒரு துளை துடைத்து, அதன் வழியாகப் பார்ப்பான். மூன்றாவது கால் பகுதி முடிந்ததும் ஊரே உள்ளே நடந்து போய், ஆட்டக்காரர்களைச் சுற்றி நின்று கோச் பேசுவதைக் கேட்பது எங்கள் வழக்கம். கைக்குழந்தைக்காரிகூடப் போவாள். எர்வின் நாற்பத்தாறு வருடமாக அந்த வட்டத்தின் வெளிவரிசையில் நின்றவன். இப்போது எல்லோரும் அவன் வண்டியைக் கடந்து நடந்து போனார்கள், எல்லோரும் திரும்பி வந்தார்கள், அவன் இறங்கவில்லை.

என் ஜன்னலுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் வந்து என்ன? “ஒண்ணு குடு,” என்பான். கொடுப்பேன். நின்று தின்பான்.

“சொல்லேன், இன்னைக்கு எப்படி ஆடினாங்க?” என்று நானே கேட்பேன். “இங்க நான்தான இருக்கேன், டெஸ்ஸா இருக்கான்?”

“வார்த்தை குடுத்திருக்கேன்.”

“எனக்குக் குடுக்கலையே.”

“மைதானத்துக்குக் குடுத்திருக்கேன், பெரில். நீ மைதானத்துக்குள்ளதான நிக்கிற.”

பிடிவாதத்தில் அவன் எனக்கு அண்ணன். அந்த ஏழு வாரமும் எங்கள் அணி தோற்றது. கூடத்தில் யாராவது அவனைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவன் பேசாததால் ஆட்டம் ஒன்றும் நன்றாகிவிடவில்லை. வார்னர் பையன் பந்தைக் கீழே போட்டுக்கொண்டேதான் இருந்தான். அதைச் சொல்ல ஆளில்லாமல் போட்டான், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசி. சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், மெரிங்டனோடு. அதற்குப் பிறகு வெளியூரில் ஒன்று பாக்கி, அது முதலிடத்து அணியோடு, அதில் ஒன்றும் நடக்காது. ஆக ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டுமென்றால் இதுதான். மெரிங்டன் அந்த வருடம் பெரிய அணியில்லை. எங்கள் ஆட்கள் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார்களோ, அன்றைக்கு ஆடினார்கள். தபால்காரர் இரண்டு கோல் போட்டார். வார்னர் பையன் ஆறு பந்து பிடித்தான், ஆறையும். எர்வினின் ஹார்ன் ஒவ்வொரு கோலுக்கும் கத்தியது. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அவன் உதடு அசைவதைப் பார்த்தவர்கள் உண்டு. நாயிடம் பேசியிருப்பான்.

கடைசிக் கால் பகுதியில் சங்கு ஊத இரண்டு நிமிடம் இருக்கும்போது பலகையில் எங்களுக்கு அறுபத்திரண்டு, அவர்களுக்கு ஐம்பத்தெட்டு. எழுத்து வராவிட்டாலும் எண் எனக்கு வரும். அடுப்பை அணைத்துவிட்டு மேலங்கியோடு வேலிக்கு வந்துவிட்டேன். நான் மட்டுமா, கூடத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் நின்ற டெஸ் என் கையைப் பிடித்திருந்தான், அது அவனுக்கே தெரியாது.

பந்து எங்கள் பக்கத்துக்கு வந்தது, தெற்குக் கோலுக்கு. இரண்டு பேர் துள்ளினார்கள். பிடித்தவன் ராய்ஸ் ஹாலம், மெரிங்டன் ஜெர்சியில்.

ஆனால் எங்கே பிடித்தான் என்று கேளுங்கள். இடது ஓரம், வேலியிலிருந்து ஆறடி. அங்கிருந்து பார்த்தால் நடுக் கம்பங்கள் இரண்டும் ஒன்றாகத் தெரியும், கை நுழைகிற சந்துகூட இருக்காது. அதுவும் இடது கால்காரனுக்கு அது ஆகாத பக்கம். பந்து அவனிடமிருந்து விலகித்தான் வளையும். நேராக எர்வினின் வண்டிக்கு முன்னால்தான் நின்றான். வண்டியைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்துச் சனம் அத்தனையும் அவனைப் பார்த்து வாய்க்கு வந்ததைக் கத்தியது. குழந்தையைப் பற்றிக்கூட ஒருவன் கத்தினான். அது எர்வின் இல்லை. அப்படிக் கத்தியவனை டெஸ் அனுப்பவில்லை.

ராய்ஸ் நான்கு எட்டு வைத்தான். உதைத்தான். பந்து முதலில் மைதானத்துக்கு வெளியே போவது மாதிரித்தான் கிளம்பியது. வேலிக்கு மேலே, ஏறக்குறைய சனத்தின் தலைக்கு மேலே போய், அங்கிருந்து திரும்பியது. எப்படித் திரும்பியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, தொடாமல், நழுவி உள்ளே போனது. கம்பத்தடியில் நின்ற வெள்ளைக் கோட்டு நடுவர், கோல் என்று இரண்டு கொடியையும் ஆட்டினார்.

எதிர்ப்பக்க வேலியில் மெரிங்டன் வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. எங்கள் பக்கம் சாவு வீடு. அவர்கள் அடித்து ஓய்ந்தார்கள். பந்தை நடுவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அமைதியில்தான், எங்கள் பக்கத்திலிருந்து, ஒரே ஒரு ஹார்ன். நீளமாக, இழுத்து, குட்டியைத் தேடுகிற ஆடு மாதிரி.

அத்தனை தலையும் திரும்பியது. மைதானத்துக்குள் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். என் கையிலிருந்து டெஸ்ஸின் கை போய்விட்டது.

இரண்டு புள்ளியில் தோற்றோம்.

சங்கு ஊதியதும் ஏழெட்டுப் பேர் அந்த வண்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். வார்னரின் அப்பா வண்டியின் முன்மூடியைக் கையால் அறைந்தார். டெஸ் அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினான். நானும் பின்னாலேயே போனேன். போகக் கூடாதென்று யார் சொன்னாலும் போயிருப்பேன். எர்வின் கண்ணாடியை இறக்கினான்.

டெஸ் குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். “எர்வ், நாய்தான மிதிச்சுது?”

எர்வின் நாயைப் பார்த்தான். அது பக்கத்து இருக்கையில் சுருண்டு கிடந்தது.

“நாய் தாவியிருக்கும். ஹார்ன் மேல கால் பட்டிருக்கும். நடக்கிறதுதான்,” என்றான் டெஸ். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. “அப்படித்தான? ஆமான்னு சொல்லு, நான் எல்லாருக்கும் சொல்லிடறேன்.”

ஒரு ‘ஆமாம்’ போதும். அந்த இடம் அவனுடையதாகவே இருந்திருக்கும். நாலு நாள் திட்டுவார்கள், பிறகு சிரிப்பார்கள், நாஸ்கின் நாய் கட்சி மாறிய கதை என்று கிறிஸ்துமஸ் வரை பேசுவார்கள். நான் பின்னாலிருந்து அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், சொல்லித் தொலை என்று.

“நாய்க்கு என்ன தெரியும், டெஸ், ஃபுட்பாலைப் பத்தி?” என்றான் எர்வின். “நான்தான் அடிச்சேன்.”

“எதுக்குய்யா?”

“அந்த ஓரத்துலேர்ந்து, இடது காலால, அந்தக் கோல் வராது. நாப்பத்தாறு வருஷமா இந்த இடத்துல உக்காந்து பாக்கறேன், யாரும் போட்டதில்ல. இன்னைக்குப் போட்டான். அதுக்கு அடிக்காம வேற எதுக்கு அடிக்கிறது?”

“நமக்கு எதிராப் போட்டான், எர்வ்.”

“யாருக்கு எதிரா போட்டா என்ன? உள்ளதான போச்சு?”

வார்னரின் அப்பா அப்போது சொன்ன சொல்லை நான் இங்கே சொல்ல மாட்டேன். டெஸ் நிமிர்ந்தான். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். “வாயத் திறக்காதன்னு சொன்னேன். நீ வாயத் திறக்கல, அது உண்மைதான்,” என்றான். “ஆனா இனிமே வராத. என்னால இவங்களைப் பிடிச்சு வைக்க முடியாது.”

“சரி,” என்றான் எர்வின். இரண்டு மாதத்துக்கு முன்னால் சொன்ன அதே ‘சரி’. வண்டியைப் பின்னால் எடுத்தான். யாரும் வழிவிடவில்லை, நான்தான் இரண்டு பேரை இடித்துத் தள்ளி வழி பண்ணினேன்.

ராய்ஸ் என் ஜன்னலுக்கு வந்தான், தலை ஈரமாக. அவன் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலிருந்து நான் மீட் பை கொடுத்தவள், எந்த ஜெர்சி போட்டால் என்ன?

“கேட்டியா, பெரில்? அந்தக் கிழவன் இன்னும் என்னை விட மாட்டேங்கிறான்.”

“என்னத்தை விடல?”

“எல்லாரும் அடிச்சு முடிச்சப்புறம் தனியா அடிக்கிறான். கிண்டல்தான? ஓடிப்போனவன் கோல் போட்டான், கை தட்டுங்கன்னு.”

“ராய்ஸ், அது கிண்டல் இல்ல. உன்னைப் பாராட்டினான்.”

ராய்ஸ் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. “எர்வின் நாஸ்க் பாராட்டினானா? உனக்கு அவனை எத்தனை வருஷமாத் தெரியும்? யாரையாவது, ஒரு தடவையாவது, நல்லா ஆடினேன்னு சொல்லியிருக்கானா? ஒரு ஆளைச் சொல்லு.”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அந்த ஜன்னலில் அவன் என்னிடம் சொன்ன அத்தனையையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒருவர் பெயரும் வரவில்லை.

“பாத்தியா,” என்று சொல்லிவிட்டு ராய்ஸ் போய்விட்டான்.

மறுவாரம் நான் எர்வின் வீட்டுக்குப் போனேன். என்னைக் கொண்டுபோய் விடச் சொல்லி மருமகனை நச்சரித்துப் போனேன். சனிக்கிழமை. எங்கள் அணி அப்போது வெளியூரில் கடைசி ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தது. எர்வின் வேலிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மதியம் அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. நடந்ததைச் சொன்னேன். ராய்ஸ் அதைக் கிண்டல் என்று நினைத்துவிட்டான் என்றும், அவனை நாமே போய்ப் பார்க்கலாம், நான் கூட வருகிறேன், எடுத்துச் சொல்லலாம் என்றும் சொன்னேன்.

“வேண்டாம்,” என்றான்.

“ஏன்? ஒரு வார்த்தைதான்.”

“ஒரு கோலுக்கு ஒரு ஹார்ன். இன்னொரு தடவை அடிச்சா அது பன்னெண்டு புள்ளி ஆயிடாது, பெரில்.”

“அவன் தப்பா எடுத்துக்கிட்டானே.”

“அவன் எப்படி வேணா எடுத்துக்கட்டும். அவன் போட்டது கோல்தான்.” கம்பியை இன்னொரு முறை முறுக்கினான். பிறகு கேட்டான், “பிள்ளை எப்படி இருக்காம்?”

“முகம் பாத்துச் சிரிக்குதாம்.”

தலையை ஆட்டினான். மருமகன் வண்டியில் ஹார்ன் அடித்து என்னைக் கூப்பிடும்வரை அவன் கம்பியையும் நான் அவன் கையையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள், அந்த வருடம் ஒரு ஆட்டத்தை எர்வின் கெடுத்தான் என்று. ஹார்ன் அடித்தது கோலுக்குப் பிறகு. அடித்ததால் கோல் விழவில்லை. இதைச் சொன்னால், உனக்கு அவன்மேல் பாசம் என்கிறார்கள். பாசம் இருந்தால் என்ன, எண் மாறிவிடுமா?

அடுத்த வருடம் ஏப்ரலில் அவன் இடத்தில் வார்னரின் புது வண்டி நின்றது. எர்வினை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் ஆட்டத்தன்று தற்செயலாகக் குப்பை கொட்டப் பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். மைதானத்துக்கு வெளியே, தானியக் கிடங்குச் சாலையில், வடக்குக் கம்பங்களுக்குப் பின்னால் அவன் வண்டி. அது அரசாங்கச் சாலை, அங்கே நிற்காதே என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூடமும் உடை மாற்றும் அறையும் மறைப்பதால் அங்கிருந்து பாதி மைதானம்தான் தெரியும், வடக்குப் பாதி. பந்து தெற்கே போய்விட்டால் சத்தத்தை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். யாருடைய ஹார்ன், எத்தனை ஹார்ன் என்று. அவன் ஹார்ன் அடிப்பதில்லை.

எல்லோரும் கூடத்துக்குள் போன பிறகு, என் சமையல் பக்கக் கதவைத் தட்டினான். அந்தக் கதவு மைதானத்துக்குள் சேராது என்று அவனே முடிவு பண்ணிக்கொண்டிருக்கிறான். மீட் பையை வாங்கிக்கொண்டு, வடக்குப் பாதியில் நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வார்னர் பையன் கையைப் பற்றி, கோச்சைப் பற்றி, காற்றைப் பற்றி. ஒன்பது பத்து மாதத்துச் சொல். நான் தட்டுக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பேசி முடித்துவிட்டு, “தெக்குப் பக்கம் என்ன ஆச்சு?” என்று கேட்டான்.

அதன் பிறகு ஒவ்வொரு சொந்த ஆட்டத்துக்கும் அப்படித்தான். வரிசை குறைவாக இருக்கும் நாளில் கழுத்தை நீட்டிப் பார்த்து வைத்துக்கொள்வேன், யார் பிடித்தார்கள், யார் விட்டார்கள், எந்தக் காலால் என்று. வந்து கேட்டால் சொல்வேன். எனக்கு அவன் அளவுக்குக் கண் கிடையாது. நான் சொல்வதைக் கேட்டு, “அது அப்படி நடந்திருக்காது,” என்பான். “நான் பார்த்தேன்,” என்பேன். கொஞ்ச நேரம் சண்டை போடுவோம்.

குளிர் அதிகமான சனிக்கிழமைகளில் ஜன்னலில் கூட்டம் அலைமோதும், எனக்குத் தலைதூக்க நேரம் இருக்காது. அந்த நாளில் அவன் கேட்கும்போது, “எர்வ், இன்னைக்கு ஒண்ணும் பாக்கல,” என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். பொய் சொல்லி அவனை ஏமாற்ற முடியாது. “பரவால்ல,” என்று சொல்லிவிட்டு, பாதி ஆட்டத்தோடு பதினோரு மைல் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.